சங்க மண்டபமும் பேச்சு விதியும்

ராச்டேல் என்ற பெயரைக் கேளாத கூட்டுறவாளர் நம்மிடையே இரார். இங்கிலாந்தில் லங்காஷயர்ப் பகுதியில், கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற அச்சிறு நகரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மாலை, 28 பேர் தலைக்கு ஒரு பவுனாகச் சேர்த்த மூலதனத்தைக் கொண்டு, டோட் லேன் 31-ஆம் எண் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே அன்று கடையில் இருந்த சரக்கு. கலப்படமற்ற பண்டம், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு, ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் செய்திகள் நம் பயிற்சி வகுப்புகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றன. ஆனால் அக்கடைக்கு மேலே இருந்த அறையைப் பற்றி எவரும் அதிகமாகச் சொல்வதில்லை. இக்கட்டுரை அந்த மேல்மாடியைப் பற்றியது. அங்கே எதைப் பேசலாம், எப்பொழுது பேசலாம் என்று எழுந்த வழக்கையும், அவ்வழக்கை அவர்கள் தீர்த்துக்கொண்ட விதத்தையும் நம் அங்கத்தினர் அறிந்திருப்பது நலம். ஏனெனில் அதே வழக்கு நம் சங்கங்களிலும் அடிக்கடி எழுகின்றது. பெரும்பாலும் தவறாகவே தீர்க்கப்படுகின்றது.

முதலில் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்கு அவர்கள் எடுத்தது கீழ்த்தளம் ஒன்றையே. வியாபாரம் தழைத்த பின் கட்டிடம் முழுவதையும் எடுத்துக்கொண்டனர். மேலே செய்தித்தாள் படிக்கும் அறையும், சிறு நூல் நிலையமும், கூட்டம் கூடுவதற்கான இடமும் அமைந்தன. இவற்றை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்தில் இங்கிலாந்தில் செய்தித்தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி இருந்தது. அவ்வரி 1855-இல்தான் நீங்கிற்று. வாரம் முழுவதும் தறியில் உழைப்பவன் தன் கூலியிலிருந்து தனக்கென ஒரு செய்தித்தாள் வாங்குவது எளிய காரியமன்று. சங்கம் வாங்கிய பிரதியே பலருக்கும் உலகத்தைக் காட்டும் சாளரமாயிற்று. படித்தால் பேச்சு எழும். பேச்சு எழுந்தால் கருத்து வேற்றுமை எழும். அந்த அறை இவ்வாறு பள்ளிக்கூடமாகவும் வாதமேடையாகவும் ஒருங்கே விளங்கிற்று.

வாதத்துக்கு ஆட்களும் குறைவில்லை. அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் எல்லாரும் நெசவாளரல்லர். பாவு ஓட்டுபவர், கம்பளி தரம் பிரிப்பவர், செருப்புத் தைப்பவர் எனப் பல தொழிலினர் இருந்தனர். கொள்கையிலும் அவர்கள் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவரல்லர். ராபர்ட் ஓவனின் சமதர்மக் கொள்கையில் ஊறியவர் சிலர்; உழைப்பாளிக்கு வாக்குரிமை வேண்டுமென்று கிளர்ச்சி செய்த சாசன இயக்கத்தினர் சிலர்; மதுவிலக்கில் பிடிவாதமுடையோர் சிலர்; நாட்டின் அதிகாரபூர்வமான திருச்சபையோடு இணங்காத பிரிவினர் சிலர். இத்தனை பேரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே தாளைப் படித்தனர் என்றால், அங்கே அமைதி நிலவியிருக்குமென்று யார் சொல்வார்?

தொடக்கத்தில் இது பெருந்தொல்லை தரவில்லை. 28 பேர் 74 பேராகி, மெல்ல மெல்ல வளர்ந்து, 1848-இல் ஏறக்குறைய 150 பேராயினர். ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள், வாரந்தோறும் இரண்டு பென்ஸும் மூன்று பென்ஸுமாகச் சேர்த்துப் பங்குத் தொகை கட்டிய காலத்திலிருந்தே பழகியவர்கள். இரவில் வாதாடிவிட்டு மறுநாள் கைகுலுக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. 1849-இல் அந்நகரத்துச் சேமிப்பு வங்கி நொடித்தது. சேமிப்பை இழந்தவர்களும், இனி எங்கே சேமிப்பது என்று அஞ்சியவர்களும் கூட்டுறவுக் கடையை நாடினர். 1850 முடிவதற்குள் அங்கத்தினர் தொகை 600 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் நான்கு மடங்கு! வந்தவர்கள் நல்லவர்களே, சமயப் பற்று மிக்கவர்கள். ஆனால் மேல்மாடியின் பழக்கம் அவர்களுக்குப் புதிது. ஞாயிற்றுக்கிழமையில் அறை திறந்திருப்பதும், அங்கே சமயக் கொள்கைகள் தாராளமாக அலசப்படுவதும் அவர்களுடைய மனத்தைப் புண்படுத்தின.

ஞாயிறன்று அறையை மூடவேண்டும், சமய வாதங்களைத் தடை செய்யவேண்டும் என்று அவர்கள் கோரினர். இக்கோரிக்கையை இகழ்ந்து தள்ளிவிடலாகாது. ஒரு பொது இடத்துக்கு வரும் மனிதன் தன் தெய்வத்தைப் பிறர் ஏளனம் செய்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டுமா என்பது நியாயமான கேள்வியே. மற்றொரு பக்கத்தின் நியாயமும் வலியது. நெசவாளிக்குக் கிடைத்த ஓய்வு நாள் ஞாயிறு ஒன்றே. அன்று அறையை மூடினால் அவனைப் பொறுத்தவரை அறை என்றுமே மூடியதற்கு ஒப்பாகும். சமயத்தைப் பேசாதே என்று இன்று சொன்னால், நாளை கூலியைப் பேசாதே, மறுநாள் நிர்வாகத்தைப் பேசாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பழைய அங்கத்தினர் பலர் சங்கத்தின் இலாபத்தைவிடக் கருத்துச் சுதந்தரத்தையே பெரிதாக மதித்தனர். சங்கம் இரண்டாகப் பிளந்துவிடும் என்று அஞ்சத்தக்க நிலை உண்டாயிற்று. ஐந்தே ஆண்டு வயதுடைய ஒரு கடைக்கு, வங்கி நொடித்த நகரத்தில், அத்தகைய பிளவு என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1850-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, திங்கட்கிழமை, பொதுக்கூட்டம் இவ்வழக்கை எடுத்துக்கொண்டு ஒரு தீர்மானம் செய்தது. அதன் சாரம் இதுதான்: கூட்டங்களில் எந்தப் பொருளைப் பற்றியும் தன் கருத்தைச் சொல்ல ஒவ்வோர் அங்கத்தினருக்கும் முழு உரிமை உண்டு, ஆனால் அதைத் தக்க காலத்திலும் தக்க முறையிலும் சொல்லவேண்டும், முறைப்படி முன்மொழியப்பட்ட எப்பொருளும் ஏற்கத்தக்க பொருளே.

இத்தீர்மானத்தில் பொருளின் மீது தடை எதுவும் இல்லை. சமயம் ஆகாது, அரசியல் ஆகாது, நிர்வாகத்தைக் குறைகூறல் ஆகாது என்ற பட்டியல் எதையும் அவர்கள் தயாரிக்கவில்லை. பட்டியல் போடத் தொடங்கினால் அதற்கு முடிவேது? கட்டுப்பாட்டைக் காலத்தின் மீதும் முறையின் மீதும் வைத்தார்கள். மாவின் விலையைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் எழுந்து மறுமையைப் பற்றிப் பேசக்கூடாது, அது காலமன்று. மறுமையைப் பற்றியே பேச விரும்பினால் அதை முன்மொழிந்து, ஒரு நேரம் பெற்று, பிறரை வையாமல் பேசலாம், அது முறை. புதியவர்களின் புண்பட்ட மனத்துக்கும் இதில் மருந்து உண்டு. பழையவர்களின் உரிமைக்கும் இதில் காப்பு உண்டு. வழக்கு சுமுகமாக முடிந்தது. அதே 1850-இல் சங்கம் இளைஞருக்கு ஒரு பள்ளியும் தொடங்கிற்று. 1853-இல் நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கல்விக்கென ஒதுக்கப்பட்டது. மேல்மாடியின் நூல்கள் பின்னர் ஆயிரக்கணக்காகப் பெருகியது அந்தப் பணத்தால்தான்.

இவ்விடத்தில் நம்முடைய இயக்கத்தில் வேரூன்றிய ஓர் எண்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1937-இல் ராச்டேல் கொள்கைகளை வரையறுத்தபோது, அரசியலிலும் சமயத்திலும் நடுநிலைமை என்பதையும் அவற்றுள் சேர்த்தது. 1966-இல் அப்பட்டியல் மாற்றியமைக்கப்பட்டபோது நடுநிலைமை தனிக் கொள்கையாக இடம்பெறவில்லை. சமய, அரசியல், இன வேற்றுமை பாராது எவரும் அங்கத்தினராகலாம் என்ற விதியில் அதன் உட்பொருள் அமைந்தது. 1995-இல் மான்செஸ்டர் நகரில் ஏற்கப்பட்ட ஏழு கொள்கைகளிலும் அவ்வாறே. எனினும் நடுநிலைமை என்ற அந்தப் பழைய சொல் நம் சங்கங்களில் விடாது வாழ்கின்றது. அதுவும் கோணலான பொருளில். "இது சங்கம், இங்கே அதெல்லாம் பேசக்கூடாது" என்பதே அதன் பொருளாகிவிட்டது. நூலின் தரத்தைக் கேட்டால் அரசியல். கணக்கைக் கேட்டால் அரசியல். தேர்தல் எப்போது என்று கேட்டால் அது எல்லாவற்றிலும் பெரிய அரசியல்! ராச்டேல்காரர் கண்ட நடுநிலைமை சங்கத்துக்கு உரியது. சங்கம் என்ற முறையில் அது எந்தக் கோயிலையும் கட்சியையும் சாராது. அங்கத்தினரின் நாவுக்குப் பூட்டுப் போடுவதை 1850-இல் அவர்கள் கூடிப் பேசி மறுத்தார்கள்.

பேச்சு உரிமையைக் காத்தவர்கள் மற்ற விதிகளில் தளர்ந்திருந்தார்களோ என்றால், அதுவும் இல்லை. அவர்களுடைய 1844-ஆம் ஆண்டு விதிகளை வரைவதில் சார்லஸ் ஹோவர்த் என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. மான்செஸ்டரில் இருந்த ஒரு நோய், ஈமச் செலவு உதவிச் சங்கத்தின் விதிகளை முன்வைத்துக்கொண்டு, தங்கள் தேவைக்கேற்ப மாற்றி எழுதினார்கள். புதியவர் சேர இரண்டு அங்கத்தினர் முன்மொழிந்து வழிமொழியவேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கடன் விஷயத்தில்தான் அவ்விதிகள் மிகக் கடுமையாயின. சங்கத்தின் உத்தியோகஸ்தர் எக்காரணத்தைக் கொண்டும் ரொக்கமின்றி வாங்கவும் கூடாது, ரொக்கமின்றி விற்கவும் கூடாது. மீறினால் 10 ஷில்லிங் அபராதம், அத்துடன் பதவியும் போகும். அபராதம் யார் மீது விழுகிறது என்று பாருங்கள். கடன் கேட்ட ஏழை அங்கத்தினன் மீதன்று; கடன் கொடுத்த உத்தியோகஸ்தர் மீது. நம்மிடையே சுவரில் தொங்கும் விதிப் பலகைகள் பலவற்றைப் படித்தால், அவை யாவும் அங்கத்தினருக்கே சொல்லப்பட்டவை என்பது விளங்கும்: வரிசையில் நில், சத்தமிடாதே, எச்சில் துப்பாதே. நிர்வாகத்தினர் என்ன செய்யலாகாது என்று சொல்லும் ஒரு வரியை அப்பலகைகளில் தேடிப் பார்க்கவேண்டும்.

ராச்டேலுக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே நெசவாளர் சங்கம் ஒன்று விதி எழுதியிருக்கின்றது. ஸ்காட்லாந்தில் கில்மார்னக் நகரை அடுத்துள்ள பென்விக் கிராமத்தில் 1761-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி 16 பேர் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன் தலையாய விதிகள் மூன்றே. ஒருவருக்கொருவரும், வேலை கொடுப்பவருக்கும், உண்மையாக நடத்தல். நல்ல, குறைவற்ற துணியை நெய்தல். சுற்றுப்புற ஊர்களில் வழக்கமான விலைக்கு மேலும் வாங்காமல் கீழும் வாங்காமல் இருத்தல். மூன்றாவது விதியின் ஆழத்தை நம் தறிக்காரர் உடனே உணர்வர். மேலே வாங்காதே என்று வியாபாரி சொல்வான். கீழே வாங்காதே என்று சொல்லச் சங்கம் வேண்டும். ஒருவன் அவசரத் தேவைக்காகக் கூலியைக் குறைத்துக்கொண்டால் அந்தக் குறைந்த கூலியே மறு மாதம் ஊர் முழுவதற்கும் கூலியாகிவிடுகின்றது. 1769-இல் அச்சங்கத்தார் பொதுப் பணத்தைக் கொண்டு உணவுத் தானியத்தை மொத்தமாக வாங்கித் தமக்குள் விற்றுக்கொண்டனர். 1808-இல் அவ்வூரில் நெசவாளர் நூல் நிலையமும் ஏற்பட்டது. விசைத்தறி வந்து கைத்தறியை மெல்ல விழுங்கிய பின், 1873-இல் சங்கம் கலைந்தது. அதன் ஆவணங்கள் இன்று ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

மீண்டும் ராச்டேலுக்கு வருவோம். பேச்சு விதி நன்றாக இருந்தது. வாசல் விதியில் அவர்களுக்கு ஒரு பெரிய இடி விழுந்தது. 1854-இல் அங்கத்தினர் பலர் சேர்ந்து பருத்தி நூற்கவும் நெய்யவும் ஒரு தனி உற்பத்திச் சங்கம் தொடங்கினர். அதில் முதல் போட்டவருக்கு மட்டுமன்றி, ஆலையில் வேலை செய்தவருக்கும் இலாபத்தில் பங்கு என்பது விதி. தொழில் நடந்தது, மிட்செல் ஹே என்னுமிடத்தில் பெரிய ஆலை எழும்பிற்று. ஆலை கட்டப் பணம் வேண்டியிருந்ததால், அங்கே வேலை செய்யாத பலரும் பங்கு வாங்கிச் சேர்ந்தனர். அவர்கள் கண்ணுக்கு வேலையாளின் இலாபப் பங்கு வீண் செலவாகத் தோன்றிற்று. அதை நீக்க 1860-இல் முயன்றார்கள். பெரும்பான்மை கிடைத்தும், விதியைத் திருத்த நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்ற நிபந்தனையால் முயற்சி தோற்றது. 1862-இல் அந்த மூன்று பங்கு வாக்கும் திரண்டது. வேலையாளின் பங்கு ஒழிந்தது. கூட்டத்தில் எவருடைய வாயும் அடைக்கப்படவில்லை. எல்லாம் முறைப்படியே நடந்தது. பேசுவதற்கு எத்தனை நல்ல விதி இருந்தாலும், வாக்களிப்பவர் யார் என்ற விதி பழுதானால் அப்பேச்சு காற்றோடு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கூட்டுறவு வரலாற்றில் கிடைப்பது அரிது. தறியில் உட்காராதவர்கள் நெசவாளர் சங்கத்திலும், நிலத்தில் இறங்காதவர்கள் விளைவிப்போர் சங்கத்திலும் அங்கத்தினர் பட்டியலில் இருக்கின்றார்களா என்று நாமும் அவ்வப்பொழுது பார்த்துக்கொள்ளவேண்டும்.

இனி நம் மண்டபத்துக்கு வருவோம். கூலி பட்டுவாடா நாளில் சங்கத்துத் திண்ணையில் எழும் பேச்சே நம்முடைய மேல்மாடி. சிட்டா நூல் முறுக்குக் குறைந்து அறுகிறது என்பான் ஒருவன். சாயம் நிற்கவில்லை என்பான் மற்றொருவன். விற்பனைச் சங்கத்தில் பருத்தியைத் தரம் பிரித்த விதம் சரியில்லை என்பான் விவசாயி. இவற்றுள் பேசத்தகாத பொருள் எதுவும் இல்லை. ஆனால் எடையாளரை நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்வது முறையன்று. எடைச் சீட்டோடு வந்து இன்ன தேதியில் இவ்வளவு குறைந்தது என்று எழுதிக் கொடுப்பது முறை. எழுதிக் கொடுத்த புகாரை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் படிக்கவேண்டும், என்ன செய்தோம் என்ற பதிலைப் பலகையில் ஒட்டவேண்டும் என்று மறுபக்கத்துக்கும் ஒரு விதி இருந்தால்தான் இது நடக்கும். அப்பதில் வராத சங்கத்தில் அங்கத்தினன் திண்ணையில் நின்று திட்டத்தான் செய்வான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை.

முறையைக் கொஞ்சம் இறுக்கியே பிடிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது மாதிரிகளைக் காட்டும் இடம். ஓர் அங்கத்தினர் புதிதாக ஒரு முந்தானை அமைப்பைக் கண்டுபிடித்து, காகிதத்தில் கட்டம் போட்டு, நாலு பேரிடம் கருத்துக் கேட்கச் சங்கத்துக்குக் கொண்டு வருகிறார். கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. அதை எடுத்துக்கொண்டு போய்த் தனியார் வியாபாரியிடம் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கின்றது. தனி ஒருவர் வகுத்த புது வடிவத்தை அது காப்பதில்லை. அதற்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. விண்ணப்பம் செய்வதற்கு முன்பே அவ்வடிவம் பலர் அறிய வெளியாகிவிட்டால் பதிவு கிடைப்பதில்லை. ஆனால் நம்பிக்கையின் பேரில் ஒருவருக்குக் காட்டியதை அவர் நம்பிக்கைத் துரோகமாக வெளியிட்டால், அவ்வெளியீடு உரியவரின் உரிமையைக் கெடுப்பதில்லை என்று அதே சட்டம் சொல்கின்றது. ஆகையால், சங்கத்துக் கூட்டத்தில் காட்டப்படும் புது மாதிரிகள் யாவும் நம்பிக்கையின் பேரில் காட்டப்படுவன என்று ஒரு வரி தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பது பிற்காலத்தில் வழக்கு வந்தால் பேருதவியாகும். காட்டியவர் பெயர், தேதி, பார்த்தவர்களின் கையொப்பம் ஆகியவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இத்தகைய விதிகளை நிர்வாகக் குழு தானே எழுதி ஒட்டிவிடுவதைவிட, ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் படித்து, மாற்றங்கள் கேட்டு, ஏற்பது நன்று. துணைவிதியிலேயே சேர்ப்பதென்றால், 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பேரவையின் தீர்மானம் மட்டும் போதாது. பதிவாளர் பதிந்த பின்னரே திருத்தம் செல்லும். ஆகவே திருத்தம் முன்மொழிய விரும்பும் அங்கத்தினர், கூட்ட அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பாகவே தம் வாசகத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளவேண்டும். வாசகத்தை எழுதுமுன், கூட்டத்தில் உரக்கப் படித்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஒரே மூச்சில் விளங்குமா என்று வீட்டில் ஒரு முறை படித்துப் பார்த்துக்கொள்க.